பழுதே வராத நாற்காலி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. தொழிலுக்குத்தான் காய்ச்சல். அது இறங்குகிற வழியாகவும் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் உன் ஊர் பர்னிச்சர் கண்காட்சியில் நாம் ஸ்டால் போடவில்லை. இடத்துக்கு வாடகை, நாற்காலிகளை ஏற்றிவர லாரி, விளக்கு, நோட்டீஸ் என்று போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். முன்பெல்லாம் நூறு மடக்கு நாற்காலி கேட்டவர்கள் இப்போது பத்துக்கு விலை கேட்கிறார்கள். கேட்டுவிட்டு "யோசிச்சு சொல்றோம்" என்கிறார்கள். யோசித்தவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்து சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாமாவிடம் மட்டும் சொல். நம் பட்டறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனி இருக்கிறதே, அதன் முதலாளி வந்திருந்தார். நம் பட்டறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவருக்கு வேண்டியது நாற்காலி இல்லை, சரக்கு அடுக்க இடம். என்னை மேற்பார்வைக்கு வைத்துக்கொள்வாராம். நம்மிடம் இருக்கும் பத்துப் பேரில் நாலு பேரை எடுத்துக்கொள்வாராம். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் முடியாது என்று முகத்திலடித்த மாதிரி சொல்லியிருப்பேன்.

உன் வீட்டுப் பரணில் இருக்கும் ஸ்டால் சாமான்கள் அப்படியே இருக்கட்டும். இந்த வருஷம் உனக்கும் மூன்று நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

ஓய்வாம் ஓய்வு. யார் கேட்டார்கள் உன்னிடம்?

வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். அந்த மூன்று நாள்தான் காலையில் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, மாமாவுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் போகிற மாதிரி போவேன். நீ நாற்காலி மேல் ஏறி நின்று குதித்துக் காட்டுவாய். நான் கீழே உன் செருப்பைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார், ஒடையாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தச் செருப்பைப் பிடிப்பதற்குக்கூட இந்த வருஷம் கொடுத்து வைக்கவில்லை.

பரணைத் திறந்து பார்த்தேன். மேசைவிரிப்பில் கரப்பான் குடியிருக்கிறது. பலகை மட்டும் புதுசாக இருக்கிறது. "பழுதே வராத நாற்காலி" என்று சிவப்பு எழுத்தில் நீயே எழுதியது. தூசி தட்டி மறுபடி வைத்தேன். வைக்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நான் கண்காட்சிக்குப் போகப் போகிறேன். பார்வையாளருக்கு அனுமதி இலவசம்தான். ஒன்பது வருஷமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பாத்ரூம் போகிற வழியில் இருக்கும் ஸ்டால்களைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. இந்தத் தடவையாவது சுற்றிப் பார்க்கிறேன். பிளாஸ்டிக்காரருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ஊரில் மற்றவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று ஒருத்தராவது பார்த்து வர வேண்டாமா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மாமா விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல சண்டை. லெட்டர்னா சண்டை வர்றதுக்கு நாலு நாளாவது ஆகும்" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முடிவு எடுத்துவிட்டுச் சொல்கிறாய். அப்புறம் நான் என்ன சொல்ல இருக்கிறது? போய் வா. ஆனால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்டால் ஏன் போடவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். புது இடத்துக்குப் பட்டறையை மாற்றுகிறோம், அந்த வேலையில் தம்பிக்கு நேரமில்லை என்று சொல். வியாபாரம் படுத்துவிட்டது என்று மட்டும் வாயைத் திறக்காதே. இந்தத் தொழிலில் ஒருத்தன் சறுக்கினான் என்று தெரிந்தால் போதும், தகரம் கொடுக்கிறவன்கூடக் கடன் தர மாட்டான்.

இரண்டாவது, ஸ்டால் இல்லாதவர்கள் அங்கே நின்று வியாபாரம் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் ஸ்டாலுக்கு முன்னாலேயே ஒருவர் பையிலிருந்து ஸ்டூலை எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றாரே, நினைவிருக்கிறதா? அவரைப் பற்றி நீதான் போய்ப் புகார் சொன்னாய். இப்போது நீயே அந்த நிலைமைக்கு வந்துவிடாதே.

பார், கேள், டீ குடி, வீட்டுக்குப் போ. யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்துவிடாதே. இது என் தலைவலி, உனக்கு எதற்கு?

உன் பெண் கேட்ட பென்சில் பெட்டியை என் வீட்டுக்காரி வாங்கி வைத்திருக்கிறாள். பார்சலில் வரும்.

உன் தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

முதல் நாள் முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. ஸ்டால் போட்டால் உட்கார்ந்தே இருக்கலாம், அது எவ்வளவு பெரிய சுகம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசலிலேயே ஒரு வேடிக்கை. பதிவு செய்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "பேர் சொல்லுங்க மேடம்" என்றாள். வாய் தானாக உன் பெண்டாட்டி பெயரைச் சொல்லிவிட்டது. உனக்குத் தெரியுமே, காகிதத்தில் பங்குதாரர் அவள்தான் என்பதால் ஒவ்வொரு வருஷமும் இரண்டாவது அட்டை அவள் பெயரில்தான் வரும். ஒன்பது வருஷம் அதைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். பாதிப் பேர் என்னை உன் பெண்டாட்டி என்றே நினைத்திருப்பார்கள். நானும் ஒவ்வொருத்தரிடமும் போய் இல்லை என்றா சொல்ல முடியும்?

சட்டென்று நிறுத்தி, என் பெயரைச் சொன்னேன். "கம்பெனி? பதவி?" என்றாள். "வீட்லதான் இருக்கேம்மா" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் பெயரைப் பெரிதாகவும் அதற்குக் கீழே "பார்வையாளர்" என்றும் அடித்துக் கொடுத்தாள். நான் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்றவர் கனைத்த பிறகுதான் நகர்ந்தேன். ஸ்டால் இல்லாமல் போனதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

தூண் பக்கத்தில் நம் இடம் இருக்கிறதே, அங்கே இப்போது சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி விற்கிறார்கள். ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் எட்டவில்லை, நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு தூண் வரைக்கும் போய்விட்டது. விற்கிற பையன்தான் பிடித்து நிறுத்தினான்.

கூட்டமே இல்லை, தம்பி. பெரிய பெரிய ஸ்டாலில்கூட ஈ ஓட்டுகிறார்கள். நல்ல வருஷங்களில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க நேரம் இருக்காது. இந்த வருஷம் யாராவது உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேச மாட்டார்களா என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போனேன். எதிர் ஸ்டால் அலமாரிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னம்மா, ஸ்டாலைக் காணோம்? தம்பி வரலையா?"

நீ சொல்லிக் கொடுத்தபடியே ஆரம்பித்தேன். "புது எடத்துக்குப் பட்டறைய மாத்தறோங்க" என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம். எவ்ளோ பெரிய எடம்?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு மேலே பொய் சொல்ல வரவில்லை. "பெரிய எடமும் இல்ல, சின்ன எடமும் இல்லங்க. ஆர்டர் இல்ல" என்றேன்.

நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்குவாய். கசக்காமல் படி. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எங்க நெலமை மட்டும் என்னவாம்? இந்த ஸ்டாலே மூணு கம்பெனி சேர்ந்து போட்டது. அந்த மூலைல இருக்கற கட்டில் எங்களது இல்ல, யாராவது கேட்டா மட்டும் எங்களதுன்னு சொல்லுவோம்" என்று சொல்லிச் சிரித்தார். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். டீ வந்தது. எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஊரெல்லாம் நன்றாக இருக்கிறது, நாம் மட்டும் கீழே போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அப்படி ஒன்றும் இல்லை.

பிளாஸ்டிக்காரரின் ஸ்டாலையும் பார்த்தேன். விளக்கும் பூச்செடியுமாக நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு பலூன் கொடுத்தார்கள்.

உன் அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

இன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலம் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கீச்சென்றது. கொஞ்சம் ஆடவும் செய்தது. அந்த ஆட்டம் எங்கேயோ பழக்கமானதாக இருந்தது. குனிந்து கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் நம் முத்திரை. திரும்பிப் பார்த்தால் கேன்டீன் முழுக்க நம் நாற்காலிகள்தான், தம்பி. முதல் வருஷக் கண்காட்சியில் இந்தக் கூடத்துக்கென்று வாங்கினார்களே, அதே சாம்பல் நிற நாற்காலிகள். ஸ்டாலிலேயே டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டதால் ஒன்பது வருஷமாக நம் கண்ணில் படவே இல்லை.

நாம் ஸ்டால் போடவில்லை என்று அழுதுகொண்டிருந்தோம். கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் நம் நாற்காலியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாதி ஆடுகிறது. காலில் ரப்பர் தேய்ந்துபோய்க் குழாய் தரையைக் கீறுகிறது. குழாய்கள் குறுக்கே சேர்கிற இடத்தில் இருக்கும் ஆணிதான் சத்தத்துக்குக் காரணம். ஆனால் ஒரு குழாய்கூட வளையவில்லை, ஒரு இருக்கைகூட விரிசல் விடவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்ததில் கூடம் மூடுகிற மணி அடித்துவிட்டது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடைசி நாள் மணி அடித்ததும் நாம் என்ன செய்வோம்? நாற்காலியை மடக்கி, சுவரோரமாக அடுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு லாரிக்கு நடப்போம். சத்தியமாக எனக்குத் தெரியாமலே நடந்தது. எழுந்தேன், என் மேசையைச் சுற்றி இருந்ததையெல்லாம் மடக்கி அடுக்கினேன், கடைசி நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விட்டேன்.

வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"மேடம், கேட் பாஸ்?"

"எதுக்குப்பா பாஸ்? இது எங்க நாற்காலி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஸ்டால் நம்பர் சொல்லுங்க."

"ஸ்டால் இல்லப்பா."

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பார்வையாளர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிறகு கக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தார். "பாக்கறதுக்குத்தான வந்தீங்க, எடுத்துட்டுப் போறீங்களே" என்றார். அந்த நேரம் பார்த்து அலமாரிக்காரரும் அந்தக் கட்டில்காரரும் சாமானோடு வெளியே வருகிறார்கள். இந்த வயசில் நாற்காலி திருடி என்று பெயர் வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

கேன்டீன்காரரைக் கூப்பிட்டார்கள். பெரிய தொந்தி, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அட, நாற்காலிக்காரம்மா! உங்க வீட்டுக்காரர் வரலையா? மேல ஏறிக் குதிப்பாரே?" என்றார். "அது என் தம்பிங்க" என்றேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வாட்ச்மேன் ரொம்பவும் பவ்யமாக வழிவிட்டார்.

பிறகு கேன்டீன்காரரே என்னைக் கேன்டீனுக்குத் திருப்பிக் கூட்டிப்போய் ஆரம்பித்தார். "இந்த நாற்காலிங்கள ஒண்ணும் பண்ண முடியல. புதுசு வாங்க இப்ப வழியில்ல. பக்கத்துல வெல்டிங் பட்டறைல குடுத்தேன். ஆட்டம் நின்னு போச்சு, ஆனா மடங்க மாட்டேங்குது. அஞ்சாறு நாற்காலிய நின்னமேனிக்கே வெச்சிருக்கேன், ராத்திரி கூட்டறவங்க என்னைத் திட்டறாங்க. செஞ்சவங்க நீங்க. நீங்களே சரி பண்ணித் தரலாமே?"

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

நடைபாதையில் நின்று பேசவில்லை, விற்கவும் இல்லை. கேன்டீனில் அவர்தான் கேட்டார். அதனால் விதி ஒன்றும் மீறவில்லை. பக்கத்து நூலகத்திலும் அதற்கு அடுத்த பள்ளிக்கூடத்திலும் இதே நாற்காலிகள் இதே சத்தத்தோடு இருக்கின்றன என்றும் அவரே சொன்னார். தம்பி, யாரும் புதுசு வாங்கவில்லையென்றால் என்ன, பழசில் உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறார்கள்? நீ இத்தனை வருஷம் செய்து விற்றதெல்லாம் எங்கேயோ கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி, பார்சல் லாரியில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். கேட் பாஸோடு.

உன் அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நாற்காலியும் வந்தது. பிரிக்கவில்லை.

வாக்குக் கொடுக்காதே என்று எழுதினேன், கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். வியாபாரம் இல்லை என்று சொல்லாதே என்றேன், டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். போதாததற்கு வாசலில் வாட்ச்மேன் பிடிக்கிற அளவுக்கு நம் மானம் போயிருக்கிறது. பிளாஸ்டிக்காரர் காதுக்கு அது வந்துவிட்டது. "அக்காவுக்கு நாற்காலி வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்று சிரிக்கிறார்.

நாம் நாற்காலி செய்கிறவர்கள், அக்கா. ஒட்டுப் போடுகிறவர்கள் இல்லை. பழுதே வராது என்று பலகை எழுதி, ஒன்பது வருஷம் அதன் மேல் ஏறி நின்று காட்டியவன் நான். இப்போது சுத்தியலை எடுத்துக்கொண்டு கேன்டீன் கேன்டீனாகப் போய், வந்த பழுதைச் சரிசெய்து தருகிறேன் என்று நிற்க வேண்டுமா? அதற்குப் பட்டறையைக் கொடுத்துவிட்டு மேற்பார்வைக்கே போய்விடலாம்.

தொழிலில் பெயர் இருக்கிறவளே எதிலும் தலையிடுவதில்லை. வருஷத்துக்கு மூன்று நாள் வந்து உட்காருகிற நீ எப்படி எனக்காகச் சரி என்று சொல்லலாம்? அந்தக் கேன்டீன்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடு.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியில் ஒரு வார்த்தையைக் காணவில்லை. தபாலில் வரும்போது வழியில் விழுந்திருக்கும். என் கடிதத்தில் நான் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

மாமா படித்துவிட்டு, "சொன்னேனே, நாலு நாளாவது ஆகும்னு. இது ஆறு நாள் தாங்கியிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வருஷத்துக்கு மூன்று நாள் வருகிறவள் என்பது உண்மைதான். உண்மையை எழுதினால் வலிக்காது என்று யார் சொன்னது?

கேன்டீன்காரரிடம் போய் என் பெயரைச் சொல்லியே முடியாது என்று சொல்லிவிட்டேன். "தம்பி வேண்டாங்கறார்" என்று சொல்லவில்லை. "நான் அவசரப்பட்டுட்டேங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டீ கொடுத்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

பட்டறையைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிளாஸ்டிக்காரருக்கு நீ என்ன பதில் சொன்னாலும் சரி, அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யோசித்துச் சொல். அதன் மேல் ஏறி நின்றுதான் உனக்குப் பழக்கம். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பென்சில் பெட்டி வந்தது. பெண்ணுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உன் வீட்டுக்காரியிடம் சொல்.

உன் அக்கா


மார்ச் 24

என் அன்புள்ள அக்காவுக்கு,

விழுந்துபோன வார்த்தையைத் தேடி எடுத்து, முன்னால் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் நாற்காலியைப் பிரிக்கவே இல்லை. நம் மேஸ்திரிதான் என்னைக் கேட்காமல் சாக்கைப் பிரித்து, என் மேசைக்குப் பின்னால் போட்டிருந்தார். கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். கீச்சென்றது. போனை எடுக்கச் சாய்ந்தால் ஒரு சத்தம், பேனாவை எடுக்க நிமிர்ந்தால் ஒரு சத்தம். வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். எழுந்து வேறு நாற்காலி எடுத்திருக்கலாம். நீ கேட்டிருந்தாயே என்று உட்கார்ந்தே இருந்தேன்.

சாயங்காலம் நானே ஆணியைக் கழற்றிப் பார்த்தேன். துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. வேறு எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நான் ஏறிக் குதித்தது வருஷத்துக்கு மூன்று நாள். அங்கே தினமும் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து, சாய்ந்து, பின்னங்காலில் ஆடி, பசியோடு தொப்பென்று விழுந்து எழுந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் தேய்ந்தது ஒரு துளைதான். எனக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன், அக்கா. வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நான் செய்ததை யாரோ இவ்வளவு நாள் உபயோகித்திருக்கிறார்கள் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

துளையைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு சின்னப் பித்தளை வளையம் போட்டு, ஆணிக்குப் பதில் போல்ட் வைத்து முடுக்கினேன். ரப்பர் மாற்றினேன். உட்கார்ந்தேன். சத்தம் இல்லை. மேஸ்திரி உட்கார்ந்தார். பிறகு பத்துப் பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். இனிமேல் செய்கிற நாற்காலியிலும் இந்த வளையம் இருக்கும்.

நேற்றுப் பிளாஸ்டிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். போகும்போது, "எங்க நாற்காலி கால் ஒடஞ்சா சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். "பிளாஸ்டிக்குக்கு நான் என்னங்க பண்றது?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

நான் எழுதிய கடிதத்தைப் பற்றி. அது தப்பு. மூன்று நாள் வருகிறவள் என்று எழுதினேனே, அந்த மூன்று நாளுக்காக நீ வருஷம் முழுக்கக் காத்திருந்தாய் என்பது உன் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. படித்தும் எனக்கு உறைக்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு உறைத்தது. உனக்கு என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "என் பேர எடுத்துட்டு அவங்க பேரப் போடுங்க. எனக்கு ஸ்கூல்ல பாடம் நடத்தத் தெரியும், நாற்காலில உட்காரத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது" என்றாள். நான் இன்று போய் அதற்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உன் கையெழுத்துதான் பாக்கி. கூட வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மேஸ்திரியும் இன்னொருவரும் கருவிகளோடு உன் ஊருக்கு வருகிறார்கள். கேன்டீன்காரரிடம் நீ முடியாது என்று சொல்லிவிட்டு வந்ததை நான்தான் திருப்ப வேண்டும் என்று அவருக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னதும், "ஓ, அந்தம்மாவோட தம்பியா?" என்றார். பின்கட்டில் வேலை செய்ய இடம் கொடுக்கிறாராம். அங்கே என்ன, எப்படி, யார் எப்போது என்பதெல்லாம் நீ சொல்கிறபடி. என்னைக் கேட்க வேண்டாம். இங்கே யாரையும் வேலையிலிருந்து அனுப்பவில்லை. சம்பளம் கொஞ்ச நாளைக்கு முன்பு போல இருக்காது என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

பரணில் இருக்கும் பலகையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எடுத்து அடுப்பில் வைத்துவிடு. இனி அதை யாருக்கும் காட்ட முடியாது.

உன் தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மாமாதான் பேனா எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை தப்பான இடத்தில் போடப் பார்த்தேன், கையைப் பிடித்து நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது, அதனால்தான்.

மேஸ்திரி வந்து சேர்ந்தார். கேன்டீன் பின்கட்டில் நேற்று வேலை ஆரம்பமாகிவிட்டது. நான் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து, சத்தம் வராததை ஒரு பக்கம் அடுக்குகிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் முட்டி வலி. வெல்டிங் வைத்த நாற்காலிகளை மட்டும் மேஸ்திரியே தனியாக எடுத்து வைத்துத் திட்டிக்கொண்டே அறுக்கிறார். நூலகத்திலிருந்து ஒருவர் மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் போனார். "யோசிச்சு சொல்றோம்" என்றார். சாயங்காலமே திரும்பி வந்து சொன்னார்.

பலகையை நான் எரிக்கவில்லை. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சிவப்பு பெயின்ட் வாங்கி, உன் எழுத்து மாதிரியே வருகிறதா என்று பழைய நியூஸ்பேப்பரில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு எழுதினேன். இப்போது பின்கட்டு வாசலில் மாட்டியிருக்கிறது. "பழுதே வராத நாற்காலி" என்று மேலே நீ எழுதியது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே "வந்தால் நாங்கள் இருக்கிறோம்" என்று நான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வருஷமும் ஸ்டால் வேண்டாம், தம்பி. நீ வா. வாசலில் அந்தப் பெண்ணிடம் ஆளுக்கு ஒரு பார்வையாளர் அட்டை வாங்கிக்கொள்வோம். உன் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. சுற்றிப் பார்த்துவிட்டு, கேன்டீனில் நம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். மணி அடித்ததும் மறக்காமல் என் கையைப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் நாற்காலியோடு கிளம்பிவிடுவேன்.

உன் அக்கா